அப்பப்பாவின் நினைவு மலருக்கு வாழ்க்கைக் குறிப்பு எழுதுவது எப்படி?

பதினொரு பிள்ளைகளில் ஐந்தாவதாகப் பிறந்து 88ஆவது வயதில் காலமான உங்கள் அப்பப்பாவின் 31ஆம் நாள் நினைவு மலருக்கு வாழ்க்கைக் குறிப்பு எழுதும் பொறுப்பு உங்களிடம் வந்திருக்கிறது. யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் பிறந்தார், கொழும்பில் எழுதுவினைஞராக (கிளார்க்காக) வேலை பார்த்தார், இடம்பெயர்ந்தார், கடைசியில் கனடாவில் பிள்ளைகளோடு இருந்தார் என்பதற்கு மேல் உங்களுக்கு ஒன்றும் அகப்படவில்லை. உறவினரில் யாரைக் கேட்டாலும் "நல்ல மனிசன், ஒருத்தரையும் ஒரு சொல் சொல்லாதவர்" என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. நான்கு பக்கத்தை எதனால் நிரப்புவது என்பது உங்கள் கேள்வி. இத்தகைய மலர்களைத் தொகுப்பதிலும் மெய்ப்புப் பார்ப்பதிலும் நெடுங்காலம் ஈடுபட்டவன் என்ற முறையில் விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நல்ல மனிதரின் வாழ்க்கையை எழுதுவது மற்றெவருடைய வாழ்க்கையை எழுதுவதையும்விடக் கடினமானது. வழக்காடியவர், ஊரோடு மோதியவர், பதவி வகித்தவர் ஆகியோர் தம்மைப் பற்றிய கதைகளையும் கடதாசிகளையும் விட்டுச் செல்கிறார்கள். இரக்கமுள்ளவரோ பெரும்பாலும் ஒரு சம்பவம் நடக்காமல் தடுத்தவராகவே இருக்கிறார். நடக்காத சண்டையை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை. அதனால்தான் அவரைப் பற்றிக் கேட்கும்போது குணத்தைச் சொல்லும் சொற்கள் வருகின்றன, செயல்கள் வருவதில்லை. நீங்கள் தேட வேண்டியவை அந்தச் செயல்களே. அவை இல்லாமல் போகவில்லை. வேறு ஆட்களுடைய வாழ்க்கைக் கதைகளுக்குள் சிதறிக் கிடக்கின்றன. தங்கச்சியின் கலியாணத்துக்குள் ஒன்று, தம்பியின் படிப்புக்குள் ஒன்று, அயல்வீட்டுக்காரரின் வேலிக்குள் ஒன்று என்று அவற்றைப் பொறுக்கிச் சேர்ப்பதுதான் உங்கள் வேலை.

நம்முடைய பழைய வழக்கம் இதற்கு ஒரு வழி காட்டியிருக்கிறது. யாழ்ப்பாணத்தில் இன்று நினைவு மலர் என்றும் கல்வெட்டு என்றும் வழங்கும் இந்தப் புத்தகம் முன்பு முழுவதும் செய்யுளாகவே இருந்தது. ஊர்ப் புலவர் ஒருவரைக் கொண்டு பாடுவித்து, அந்தியேட்டி என்ற மரணக் கிரியை நாளன்று உறவினர் கூடியிருக்க இராகத்தோடு வாசிப்பார்கள். காப்பு, இறந்த திதியைச் சொல்லும் திதி வெண்பா, ஊரின் சிறப்பு, குடியின் சிறப்பு என்று தொடங்கி, மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், பேரர் புலம்பல், சகோதரர் புலம்பல் என்று ஒவ்வொரு உறவுக்கும் தனித்தனியே பாட்டு இருக்கும். பாட்டுகள் பல வேளைகளில் அச்சில் வார்த்தவை போல ஒரே மாதிரி இருந்தன என்பது உண்மை. ஒரு புலவரே ஊரில் இறந்தவர் எல்லாருக்கும் பாடினால் வேறென்ன வரும்? ஆனால் அந்த அமைப்பில் நல்ல அறிவு இருக்கிறது. பதினொரு பேரில் ஒருவராகப் பிறந்து, ஐந்தாறு பிள்ளைகளைப் பெற்று, இருபது பேரப்பிள்ளைகளைக் கண்டவர் எல்லாருக்கும் ஒரே மனிதராக இருந்திருக்க முடியாது. மூத்த அக்காவுக்கு அவர் இடுப்பில் தூக்கித் திரிந்த பிள்ளை; கடைசித் தம்பிக்குத் தகப்பன் இடத்தில் நின்றவர்; மருமகளுக்கு வாய் திறக்காத மாமா; உங்களுக்குத் தொலைபேசியில் "சாப்பிட்டியோ?" என்று கேட்ட குரல். ஆகவே "அவர் எப்படிப்பட்டவர்?" என்று பொதுவாகக் கேட்பதை விட்டுவிட்டு, அவர் இல்லாததால் ஒவ்வொருவருக்கும் எது இல்லாமல் போயிற்று என்று கேளுங்கள்.

அதியமான் இறந்தபோது ஔவையார் பாடியதாகப் புறநானூற்றில் உள்ள 235ஆம் பாட்டை ஒருமுறை வாசித்துவிட்டு எழுத உட்காருங்கள் என்று என்னிடம் கேட்பவர்களுக்கெல்லாம் சொல்வதுண்டு. அரசன் வள்ளல், வீரன் என்று அங்கே வெறும் பட்டம் கொடுக்கவில்லை. கொஞ்சக் கள்ளுக் கிடைத்தால் எங்களுக்கே தந்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் பாடத் தானும் மகிழ்ந்து உண்பான். எலும்போடு இறைச்சி கிடைக்கும் இடமெல்லாம் எங்களுக்குக் கொடுப்பான், அம்பும் வேலும் நுழையும் இடமெல்லாம் தான் போய் நிற்பான். நரந்தம் மணக்கும் தன் கையால் புலால் நாறும் என் தலையைத் தடவிக்கொடுப்பான் என்று பாட்டு நடக்கிறது. கள்ளின் அளவு, இறைச்சித் துண்டு, கையின் மணம், தலையின் நாற்றம் ஆகிய இவைதான் அங்கே சான்று. அதைப் படித்து முடித்தபின் "பண்பின் சிகரம், பாசத்தின் உறைவிடம்" என்று எழுத எவருக்கும் கை கூசும்.

இனி, இந்தச் செயல்களை எங்கே தேடுவது என்பதற்கு வருகிறேன். பெரிய குடும்பங்களைப் பொறுத்தவரை பிறந்த வரிசையையும் நாட்டில் நடந்தவற்றின் ஆண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்ப்பதைப் போல் பயனுள்ள வழி வேறில்லை. உங்கள் அப்பப்பா 1936ஐ ஒட்டிப் பிறந்தவர். 1942இல் பர்மா யப்பானியர் வசமாகி அங்கிருந்து வந்த அரிசி நின்றபோது அவருக்கு ஆறு வயது. பல வயிறுகள் இருந்த வீட்டில் கூப்பன் அரிசியையும் குரக்கனையும் பனங்கிழங்கு ஒடியல் மாவையும் யார் எப்படிப் பங்கிட்டார்கள் என்பது அவருடைய முதல் நினைவுகளில் ஒன்றாக இருந்திருக்கும். 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோது அவருக்கு ஒன்பது வயது. அவருக்கு முன் பிறந்த நால்வரும் பெரும்பாலும் ஆங்கிலப் பள்ளிகளில் கட்டணம் இருந்த காலத்தில் படித்தவர்கள் அல்லது படிப்பை விட்டவர்கள். அவருக்குப் பின் பிறந்த ஆறு பேருக்கும் கட்டணம் பெரிய தடையாக இருந்திருக்காது. அவர் சரியாக அந்த வரம்பில் நிற்கிறார். மூத்த அக்கா ஐந்தாம் வகுப்போடு நின்று தம்பி தங்கைகளைப் பார்த்திருந்தால், மூத்த அண்ணா தோட்டத்தில் கிணற்றுத் துலா மிதிக்கப் போயிருந்தால், அவர்கள் விட்ட படிப்பைத் தான் படித்தேன் என்ற நினைப்பு அவருக்கு வாழ்நாள் முழுக்க இருந்திருக்கக் கூடும். அண்ணாவின் பிள்ளைகளுக்கு அவர் காட்டிய அக்கறைக்குக் காரணம் அங்கே இருக்கலாம். இருக்கலாம் என்றுதான் சொல்கிறேன். அது உண்மையா என்பதை உயிரோடு இருக்கும் சகோதரங்களிடம் கேட்டு உறுதிசெய்யாமல் எழுதக் கூடாது.

1956 அவருடைய வாழ்க்கையில் இரண்டு வகையில் வருகிறது. அந்த ஆண்டில்தான் கொழும்புக்கும் வடக்குக்கும் இடையே யாழ்தேவி ரயில் ஓடத் தொடங்கியது. அந்த ஆண்டில்தான் சிங்களத்தையே ஆட்சிமொழியாக்கிய 'சிங்களம் மட்டும்' சட்டமும் வந்தது. அரசாங்க எழுதுவினைஞராகச் சேர்ந்த தமிழ் இளைஞருக்குச் சம்பள உயர்வும் பதவி உயர்வும் சிங்களத் தேர்ச்சியோடு கட்டப்பட்டன. சிலர் படித்துச் சோதனை எழுதினார்கள். சிலர் கொள்கையாக மறுத்து உயர்வில்லாமல் இருந்தார்கள். சிலர் வேலையை விட்டார்கள். உங்கள் அப்பப்பா எதைச் செய்தார் என்பது அவர் குணத்தைப் பற்றி ஒரு பக்கம் சொல்லும். ஊரில் கலியாணம் ஆகாத தங்கைமார் இருந்த ஒருவர் சோதனை எழுதியிருந்தால் அதை வளைந்துகொடுத்தது என்று மட்டும் படிக்க முடியாது. வேலைக் கோவை, ஓய்வூதியக் கடதாசி, பழைய சம்பளத் துண்டு எதுவாவது வீட்டில் இருந்தால் தேடிப் பாருங்கள். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ நாலைந்து பேர் சேர்ந்து அறை எடுத்து, ஒரே அடுப்பில் சமைத்து, மிச்சம் பிடித்த காசை மாதம் தவறாமல் காசுக்கட்டளையாக ஊருக்கு அனுப்பிய தலைமுறை அது. அந்தக் காசு யாருக்குப் போயிற்று, எந்த ஆண்டு வரை போயிற்று என்ற ஒரே கேள்விக்குப் பதில் கிடைத்தாலே உங்களுக்கு ஒரு பக்கம் நிரம்பிவிடும்.

அந்தக் காசின் பின்னால் ஒரு பழைய முறை இருக்கிறது. 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்குச் சட்டமான தேசவழமையிலேயே, ஆண்பிள்ளைகள் கலியாணம் முடிக்கும்வரை உழைப்பது குடும்பத்தின் பொதுவுக்கே சேரும் என்ற வழக்கம் பதிவாகியிருக்கிறது. பெண்பிள்ளைகளுக்குச் சீதனம் கொடுத்த பின்னர்தான் ஆண்களின் பங்கு என்பது எல்லாருக்கும் தெரிந்த முறை. எனவே சகோதரிகளுக்குப் பின் கலியாணம் முடித்தார் என்பதை மட்டும் தியாகம் என்று எழுதினால் அக்காலத்தவர் சிரிப்பார்கள், அது கடமை. கடமைக்கு மேலே அவர் செய்தது என்ன என்பதைத்தான் பிரித்துப் பார்க்க வேண்டும். அதற்கு நல்ல சாட்சி உறுதிகள் (சொத்துப் பத்திரங்கள்). வீட்டு அலுமாரியில் உள்ள காணி உறுதிகளை எடுத்துப் பாருங்கள். தனக்கு வந்த முதுசப் (பரம்பரைச் சொத்துப்) பங்கை ஒரு தங்கைக்கு நன்கொடையாக எழுதியிருக்கிறாரா, விலை குறித்து எழுதிய உறுதியில் உறவுக்காக விலையைக் குறைத்திருக்கிறாரா, பங்குக் கிணற்றில் தன் பங்கை விட்டுக்கொடுத்திருக்கிறாரா என்பதெல்லாம் நொத்தாரிசு எழுதிய மொழியில் உணர்ச்சி இல்லாமல் பதிவாகியிருக்கும். நான் மெய்ப்புப் பார்த்த ஒரு மலரில், இறந்தவர் பரோபகாரி என்று மூன்று இடத்தில் எழுதியிருந்தார்கள். அவர் தன் பெயருக்கு வந்த நாலு பரப்புத் தோட்டக் காணியை விதவையான அக்காவுக்கு எழுதிக் கொடுத்ததும், அதைத் தன் மனைவியைத் தவிர ஒருவருக்கும் சொல்லாததும் மலர் அச்சுக்குப் போகும் கட்டத்தில்தான் உறுதியைப் பார்த்துத் தெரியவந்தது. மூன்று பரோபகாரியையும் வெட்டிவிட்டு அந்த ஒரு செய்தியைச் சேர்த்தோம்.

உறுதி இல்லாவிட்டால் வேலியைப் பற்றிக் கேளுங்கள். யாழ்ப்பாணத்தில் ஒரு மனிதர் நல்லவரா என்பதை அறிய அயலவரிடம் அவர் வேலி அடைக்கும் முறையைக் கேட்டால் போதும் என்பது என் துணிபு. கதியால் (வேலிக்கான மரக்கிளை) நடும்போது ஒரு சாண் தள்ளி நட்டதில் தொடங்கிய வழக்குகள் இரண்டு தலைமுறைக்கு நீதிமன்றத்தில் கிடந்திருக்கின்றன. கூடப் பிறந்தவர்களே பங்கு பிரித்த பின் எல்லை வேலியால் செத்தவீட்டுக்கும் போகாமல் விட்டிருக்கிறார்கள். பதினொரு பேருக்குப் பிரிந்த காணியில் ஒரு வேலிச் சண்டையும் வராமல் இருந்தால் யாரோ ஒருவர் ஒவ்வொரு முறையும் சற்று உள்ளே தள்ளி நட்டிருக்கிறார் என்று பொருள். அது உங்கள் அப்பப்பாவா என்று விசாரியுங்கள். சண்டை வந்திருந்தால் யார் வீட்டில் வைத்துப் பேசித் தீர்த்தார்கள், பேசாமல் இருந்த இருவரை யார் ஒரு பந்தியில் இருத்தினார்கள் என்பதையும் கேளுங்கள்.

பெரும்பாலான மலர்கள் தவறவிடும் ஒரு பக்கம் இருக்கிறது. அது அப்பம்மாவின் பக்கம். ஒருவர் கைநீட்டிக் கொடுக்கும்போது அந்தக் கொடை வீட்டின் எந்தப் பானையிலிருந்து போகிறது என்று யாரும் எழுதுவதில்லை. கொழும்பில் வேலை தேடி வந்த மருமக்கள், சோதனை எழுத வந்த தம்பிமார், ஆஸ்பத்திரிக்கு வந்த ஊர்க்காரர் எல்லாரையும் "எங்கட வீட்டில் நில்லுங்கோ" என்று அவர் அழைத்திருப்பார்; அரிசி கழுவியவர், பாய் விரித்தவர், தன் பிள்ளைகளின் உடுப்பில் ஒன்றைக் குறைத்துக்கொண்டவர் அவருடைய மனைவி. அப்பம்மா உயிரோடு இருந்தால் அவரிடம் தனியாகக் கேளுங்கள். அவர் ஒரு முறைப்பாடு சொன்னால் அதை மழுப்பாமல் கேளுங்கள். "உவருக்குத் தன்ர சனம் எண்டால் போதும்" என்ற ஒரு வாக்கியத்துக்குள் ஐம்பது ஆண்டுக் கணக்கு இருக்கும். அதை அப்படியே மலரில் போட வேண்டியதில்லை. ஆனால் அவர் கொடுத்தவற்றில் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் பங்கு இருந்தது என்று ஒரு பத்தி தெளிவாக எழுதப்பட வேண்டும். அது அப்பப்பாவின் பெயரைக் குறைக்காது. வாசிக்கும் பிள்ளைகளுக்கு இது உண்மையான குறிப்பு என்ற நம்பிக்கையைக் கொடுக்கும்.

போர்க்காலத்தை எப்படி எழுதுவது என்றும் தனியாகக் கேட்டிருந்தீர்கள். தமிழருக்கெதிரான கலவரம் நடந்த 1983 யூலையில் கொழும்பில் இருந்தவர் என்கிறீர்கள். அகதி முகாமில் எத்தனை நாள், காங்கேசன்துறைக்குக் கப்பலில் வந்தாரா, வந்தவர்களை ஊரில் எந்த வீடு ஏற்றுக்கொண்டது என்று இடமும் ஆளும் தெரியக் கேளுங்கள். கொழும்பு வீட்டின் பாய்களில் படுத்து எழும்பிய சகோதரங்கள் இப்போது அவருக்குப் பாய் விரித்தார்களா என்பது அங்கே தெரியும். 1990க்குப் பின் மின்சாரம் இல்லாத ஆண்டுகளில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்ட முற்றங்கள், சீமெண்ணெய்க்கு வரிசையில் நின்ற காலைகள் எல்லாம் எல்லாக் குறிப்பிலும் வரும். அவற்றை அவர் செய்த ஏதாவது ஒன்றோடு பொருத்த முடிந்தால் மட்டும் சேருங்கள். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் போருக்குத் தப்பி மழையில் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது அவருக்கு அறுபது வயதை நெருங்கியிருக்கும். நடக்க முடியாத எந்த முதியவரை யார் சைக்கிள் கரியரில் இருத்தி உருட்டினார்கள், எதை எடுத்தார்கள், எதை விட்டார்கள் என்பதைக் குடும்பத்தில் ஐந்து பேர் ஐந்து விதமாகச் சொல்வார்கள். முரண்பட்டால் ஒன்றைத் தெரிந்தெடுத்து மற்றதை மறைக்காதீர்கள். "சின்ன மகளின் நினைவில்", "தம்பியாரின் நினைவில்" என்று இரண்டையும் வைக்கலாம். குடும்பத்தில் எவருடைய சாவோ காணாமற்போதலோ இந்த ஆண்டுகளில் நடந்திருந்தால், அவர்களுடைய மிக நெருங்கிய உறவினரின் சம்மதம் இல்லாமல் ஒரு வரியும் எழுத வேண்டாம். சம்மதம் கிடைத்தாலும் விவரிப்பதைவிடப் பெயரை மட்டும் மரியாதையோடு குறிப்பிடுவது போதும்.

கேட்கும் முறையைப் பற்றிச் சில சொற்கள். சகோதரங்களில் இப்போது மூன்று பேரே இருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். மலரின் மற்ற வேலை எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு முதலில் அவர்களோடு பேசுங்கள். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அடுத்த மாதமும் இருப்பார்கள் என்று நம்பலாம். எண்பதைத் தாண்டியவர்களைப் பற்றி அப்படி நம்பக் கூடாது. மூவரையும் ஒன்றாக இருத்திக் கேட்டால் மூத்தவர் சொல்வதற்கு மற்ற இருவரும் தலையாட்டுவார்கள், ஆகவே தனித்தனியே கேட்டபின் ஒன்றாக இருத்துங்கள். பழைய படம் ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டால் பேச்சு வரும். "அவர் ஆருக்குப் பயம்?", "அவர் கோபித்து நீங்கள் கண்டது எப்ப?", "அவரிட்ட வாங்கின கடனைத் திருப்பிக் கொடுத்தீங்களோ?" என்ற மாதிரியான கேள்விகளுக்குச் சிரிப்போடு கதை வரும். கோபத்தைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கள். ஒருவரையும் ஒரு சொல் சொல்லாதவர் என்று ஊர் சொல்லும் ஒருவர் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை யாருக்காகச் சத்தம் போட்டார் என்பது அவரைப் பற்றிய மிக நல்ல செய்தியாக அமைவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

உறவு அட்டவணை விடயத்தில் எச்சரிக்கை தேவை. பத்திரிகையில் வரும் மரண அறிவித்தல் ஒரு முறையில் எழுதப்படுகிறது: இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்டவர், காலஞ்சென்ற இன்னார் தம்பதிகளின் அன்பு மகன், இன்னாரின் அன்புக் கணவர், இன்னாரின் பாசமிகு தந்தை, இன்னாரின் மாமனார், மைத்துனர், சகலன், பேரன் (தாத்தா), பூட்டன் (கொள்ளுத்தாத்தா). பதினொரு பிள்ளைகள் உள்ள குடும்பத்தில் இதுவே ஒரு பக்கம் வரும். அறிவித்தலுக்கு அது சரி. யார் துக்கம் காக்க வேண்டும் என்பதை உலகம் முழுவதும் சிதறிய உறவினருக்குச் சொல்ல அதைவிடச் சுருக்கமான வழி இல்லை. வாழ்க்கைக் குறிப்பிலும் அதையே விரித்து எழுதினால் மனிதர் பெயர்களுக்குள் மறைந்துபோவார். அட்டவணையை மலரின் பின்பக்கத்துக்குத் தள்ளி, வம்சாவளியாக வரைந்து போடுங்கள். அங்கே முழுமையாக இருக்கட்டும்: பிறந்து சில நாளில் தவறிய பிள்ளைகளும் அதில் இடம்பெற வேண்டும். "பதினொன்று பெற்று ஒன்பது நின்றது" என்று பெரியவர்கள் சொல்வார்கள். பிள்ளைகள் ஒன்பது என்றே எழுதிப் பழகியவர்கள் இருப்பார்கள். உங்கள் அப்பப்பா ஐந்தாவதா நாலாவதா என்ற குழப்பம் வந்தால் காரணம் பெரும்பாலும் அதுதான். பெரியையா, ஆசையப்பா, சீனியம்மா, குஞ்சியம்மா என்று வீட்டில் அழைத்த பெயர்களை முழுப் பெயருக்கு அருகே எழுதிவிடுங்கள், ஏனென்றால் இன்னும் இருபது ஆண்டில் எந்தக் குஞ்சியம்மா எவர் என்று சொல்ல ஆள் இருக்காது.

அவரைக் குறைத்துப் பேசும் ஆட்களும் கிடைப்பார்கள். யாருக்கும் முகம் முறிக்க முடியாதவர் சில நேரம் எடுக்க வேண்டிய முடிவை எடுக்காமல் விட்டிருப்பார். கேட்டவர்க்கெல்லாம் பிணை நின்று கையெழுத்து வைத்து வீட்டைக் கஷ்டத்தில் விட்டிருப்பார். இரண்டு தம்பிமாருக்கும் நல்லவராக இருக்கப் போய் இருவரின் மனத்தாங்கலையும் வாங்கியிருப்பார். 31ஆம் நாள் துக்கவீட்டில் வழங்கும் புத்தகத்தில் இவற்றுக்கு எவ்வளவு இடம் என்பதைக் குடும்பத்தின் மூத்தவர்களோடு பேசித் தீர்மானியுங்கள். என் நிலைப்பாடு இது: உயிரோடு இருப்பவரைக் குற்றவாளியாக்கும் எதையும் எழுதக் கூடாது; இறந்தவருக்கு ஒரு குறையும் இல்லை என்றும் எழுதக் கூடாது. பிணை நின்ற கதையைப் பெயர் இல்லாமல், அவர் அந்தக் கடனை எப்படிக் கட்டி முடித்தார் என்பதோடு சேர்த்து எழுதினால் யாருக்கும் புண்படாது.

எழுதும் ஒழுங்குக்கு வந்தால், பிறப்பில் தொடங்கி இறப்பில் முடிக்கும் வரிசையை மாற்ற வேண்டியதில்லை. பெரியவர்கள் அதைத்தான் எதிர்பார்ப்பார்கள். ஆனால் நான்கு பக்கத்தையும் எல்லா ஆண்டுக்கும் சமமாகப் பிரிக்காதீர்கள். பள்ளிப் படிப்பு நாலு வரியில் போகட்டும். நல்ல செய்தி கிடைத்த இரண்டு மூன்று இடத்தில் நின்று எழுதுங்கள். கனடாவில் வாழ்ந்த கடைசிக் காலத்தை "பேரப்பிள்ளைகளோடு இன்புற்று வாழ்ந்தார்" என்ற ஒரே வாக்கியத்தில் முடித்துவிடும் வழக்கம் இருக்கிறது. பனிக்காலத்தில் மாதக்கணக்காக வீட்டுக்குள் இருந்த ஒரு முதியவருக்கு அது எவ்வளவு பொருந்தும் என்று யோசியுங்கள். அவர் ஊரோடு யாரிடம் தொலைபேசியில் பேசினார், உண்டியலில் (வங்கி வழியல்லாத பணப் பரிமாற்றத்தில்) யாருக்குக் காசு அனுப்பச் சொன்னார், எந்தப் பேரப்பிள்ளையோடு எந்த மொழியில் கதைத்தார் என்பவை நீங்கள் நேரில் கண்டவை. இந்தப் பகுதியை வேறு எவராலும் எழுத முடியாது, எனவே இதில் தயக்கம் வேண்டாம்.

சில நடைமுறைகள் மட்டும் மிச்சம். பிறந்த திகதிக்குச் சாதகம், பிறப்புச் சான்றிதழ், பள்ளி இடாப்பு (பதிவேடு) மூன்றும் மூன்று சொல்லலாம். பள்ளியில் சேர்க்கும்போது வயதைக் கூட்டியோ குறைத்தோ கொடுப்பது அக்காலத்தில் சாதாரணம் என்பதால், சாதகத்தை நம்புவது பெரும்பாலும் சரியாக இருக்கும். திதி வெண்பாவுக்கு ஆண்டின் பெயர், மாதம், பூர்வபக்கமா அபரபக்கமா (வளர்பிறையா தேய்பிறையா), எந்தத் திதி என்பவை வேண்டும். மரணம் கனடாவில் நிகழ்ந்திருப்பதால் யாழ்ப்பாண நேரத்துக்கு உள்ள பஞ்சாங்கத்தைப் பார்த்து நீங்களாகவே குறிக்காமல் கிரியை செய்யும் குருக்களிடம் எழுதி வாங்குங்கள். ஆட்டைத் திவசத்துக்கும் அதே குறிப்புத்தான் பயன்படும், ஒருமுறை பிழையானால் ஆண்டுதோறும் பிழையாகும். பஞ்சபுராணமும் சிவபுராணமும் சேர்க்கும்போது பழைய மலர் ஒன்றிலிருந்து பிரதி பண்ணாமல் நல்ல பதிப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். மலருக்கு மலர் படியெடுத்துப் பெருகிய எழுத்துப்பிழைகள் திருமுறைக்குள் ஏராளம்.

மலரின் நாலைந்து பிரதிகளை ஊர் நூலகத்துக்கும் அவர் படித்த பள்ளிக்கும் அனுப்புவதோடு, 2005இல் தொடங்கிய நூலகம் மின்னூலகத்துக்கும் ஒன்று சேரச் செய்யுங்கள். ஈழத்து நினைவு மலர்களையும் அவர்கள் எண்ணிமப்படுத்தி வருகிறார்கள். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபின், வீடுகளிலிருந்த கடதாசிகளும் இடப்பெயர்வுகளில் அழிந்தபின், ஓர் ஊரில் யார் இருந்தார்கள், என்ன தொழில் செய்தார்கள், எந்த ஊரோடு கொண்டு கொடுத்தார்கள் என்பதை அறிய இந்தச் சிறு புத்தகங்களைத் தேடி ஆய்வாளர்கள் வருகிறார்கள். இணையத்தில் எல்லாரும் பார்ப்பார்கள் என்பதால் வீட்டு முகவரி, தொலைபேசி எண், சிறு பிள்ளைகளின் பிறந்த திகதி ஆகியவற்றை மலரில் அச்சிடாமலே விடுவது நல்லது. 31ஆம் நாளுக்குள் எல்லாச் செய்தியும் வந்து சேராது. நன்றி நவிலல் பக்கத்தின் அடியில் திருத்தங்களையும் கூடுதல் தகவல்களையும் குடும்பத்தில் யாரிடம் தெரிவிக்கலாம் என்று ஒரு வரி சேர்த்துவிட்டால், மலரைக் கையில் வாங்கிய அன்றே "இதை ஏன் போடேல்லை?" என்று கேட்டுக்கொண்டு வருபவர்களிடமிருந்துதான் நல்ல கதைகள் வரும். அவற்றை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுத் திவசத்துக்கு இரண்டாம் பதிப்புப் போட முடியும்.